வாரம் ஒரு தடவை போடற ஊசி: 5 மி.கி.க்கு ஏத்தினதுல இருந்து குமட்டல், அழுகின முட்டை ஏப்பம், மலச்சிக்கல். என்ன பண்றதுங்க?

காங்கயம்_மகன்:

வணக்கமுங்க. அம்மாவுக்கு 56 வயசு, 94 கிலோ, 9 வருசமா சர்க்கரை. டாக்டர் எழுதிக் கொடுத்து மவுன்ஜாரோ போடறோம். 2.5 மி.கி. நாலு வாரம் ஆஸ்பத்திரியில நர்ஸ் அக்கா போட்டாங்க, பெருசா தொந்தரவு ஒண்ணுமில்லீங்க. போன ஞாயித்துக்கிழமை 5 மி.கி. ஆரம்பிச்சோம், இது வீட்டுலயே போட்டது. திங்கக்கிழமை மத்தியானம் குமட்டல் புடிச்சது. செவ்வாய் ரெண்டு தடவை வாந்தி, புதன் ஒரு தடவை. இப்ப வாந்தி நின்னுருச்சு, ஆனா அழுகின முட்டை நாத்தத்தோட ஏப்பம் வந்துட்டே இருக்குது. வெளிக்கிப் போயி நாலு நாளாச்சு. இன்னைக்கு வெள்ளி. வயித்து வலி, காய்ச்சல் இல்லீங்க. சோறு ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டீங்குது.

கூட சாப்பிடற மாத்திரை: கிளிமிபிரைடு 2 மி.கி.யும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது காலையும் ராத்திரியும், பி.பி.க்கு டெல்மிசார்டன் 40, முழங்கால் வலிக்கு அப்பப்ப டைக்ளோஃபெனாக்.

இது தானா அடங்குமுங்களா? ஞாயித்துக்கிழமை அடுத்த ஊசி போடலாமா? வீட்டுக்கு வந்த ஒறம்பரை எல்லாம் கொள்ளு ரசம் வெச்சுக் குடு, இசப்கோல் கலக்கிக் குடுங்கறாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் அடுத்த மாசம் 7.5க்கு ஏத்துனாத்தான் எடை எறங்கும்ங்கறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மருத்துவர்_பெருந்துறை:

குமட்டலுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல கிளிமிபிரைடு. இப்ப அவசரம் அதுதானுங்க.

மவுன்ஜாரோவுல இருக்கற டிர்செபடைட், ரத்தத்துல சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும். அதனால தனியாப் போட்டா சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போறது குறைவு. கிளிமிபிரைடு அப்படி இல்லை. சோறு உள்ள போனாலும் போகாட்டியும் கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளிய தள்ளும். ரெண்டு வாய் சோறு சாப்பிட்டுட்டு 2 மி.கி. போட்டுப் படுத்தா விடிகாலையில சர்க்கரை எறங்கற அபாயம் நிஜமா இருக்குது.

இப்பவே மீட்டர்ல ஒரு தடவை பாருங்க. 70க்குக் கீழ இருந்தாலோ, வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுல தடுமாற்றம் இருந்தாலோ 15 கிராம் குளுக்கோஸ் பொடி, இல்லாட்டி 3 டீஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடுங்க. 15 நிமிசம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா திரும்பக் குடுங்க. இதுக்கு பிஸ்கட், சாக்லேட், பால் வேண்டாம். ஊசியால வயிறு ஏற்கெனவே மெதுவாத்தான் காலியாகுது. கொழுப்பு சேர்ந்தா சர்க்கரை ரத்தத்துக்கு வர்றது இன்னும் தாமதமாகும். மயக்கமா இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

ராத்திரி மாத்திரை போடறதுக்கு முன்னாடி, எழுதிக் கொடுத்த டாக்டருக்கு போன் போட்டு மூணு விசயம் கேளுங்க. கிளிமிபிரைடைக் குறைக்கறதா, நிறுத்தறதா? தண்ணியும் சோறும் சரியாப் போகாத நாள்ல மெட்ஃபார்மினும் டெல்மிசார்டனும் வேணுமா? டைக்ளோஃபெனாக்குக்குப் பதிலா பாராசிட்டமால் போதுமா? கடைசிக் கேள்வியை இலேசா விட்டுராதீங்க. வாந்தியில உடம்புத் தண்ணி வத்தி, கூட டெல்மிசார்டனும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தா சிறுநீரகத்துக்குப் போற ரத்தம் குறையும். இந்த ஊசி போடறவங்களுக்கு வர்ற சிறுநீரகக் கோளாறு பெரும்பாலும் தண்ணி வத்தறதுல இருந்து வர்றதுதான். வேற யாராவது படிக்கறவங்க டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் (சர்க்கரையை ஒண்ணுக்கு வழியா வெளியேத்தற மாத்திரைங்க) சாப்பிட்டா அதையும் டாக்டர்கிட்டச் சொல்லோணும்; சாப்பிடாத நாள்ல அது சர்க்கரை அளவு சாதாரணமா இருக்கும்போதே ரத்தத்துல அமிலம் ஏற விட்டுரலாம்.

இனி குமட்டல். ஊசி போட்டு 8 மணி நேரத்துல இருந்து 3 நாளுக்குள்ள மருந்து ரத்தத்துல உச்சத்துக்குப் போகும். நீங்க சொன்ன திங்கள், செவ்வாய், புதன் அதுக்குச் சரியாப் பொருந்துது. டோஸ் ஏத்தின முதல் வாரம்தான் பொதுவா மோசம், உடம்பு பழகப் பழகக் குறையும். நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஏத்தறதுங்கறது குறைஞ்சபட்சக் கணக்கு. நாலு வாரம் முடிஞ்சா ஏத்தியே ஆகோணும்னு யாரும் எழுதி வெக்கலை. 5 மி.கி.யே நிரந்தரமாப் போடக்கூடிய டோஸ். சர்க்கரை இல்லாத பருமனானவங்ககிட்ட நடந்த சர்மவுண்ட்-1 ஆய்வுல 72 வாரத்துல 5 மி.கி. பிரிவே சராசரியா 15 சதவீதம் எடை குறைஞ்சாங்க. சர்க்கரை இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் கம்மியாக் குறையும். 7.5 பேச்சு இப்ப வேண்டவே வேண்டாமுங்க. வயிறு அடங்காம டோஸ் ஏத்தறது, புண்ணு ஆறாத காலோட நடக்க வெக்கற மாதிரி.

ஞாயித்துக்கிழமை ஊசியைப் பத்தியும் அதே போன்ல கேளுங்க. தள்ளிப் போட இடம் இருக்குது: குறிச்ச நாள்ல இருந்து 4 நாள் வரைக்கும் தாமதமாப் போடலாம், அதுக்கு மேல ஆனா அந்த வாரத்தை விட்டுட்டு அடுத்த கிழமைக்குப் போகோணும். எந்த ரெண்டு ஊசிக்கும் நடுவுல 72 மணி நேரமாவது இருக்கோணும். மறுபடி 2.5க்கு எறங்கறதும் தோல்வி இல்லீங்க.

போனுக்குக் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை எதுன்னும் தெரிஞ்சுக்கங்க. மேல்வயித்துல விடாத கடுமையான வலி, முதுகுக்குப் பாயற மாதிரி இருந்தா கணைய அழற்சி சந்தேகம். லைபேஸ்ங்கற கணையச் சுரப்பை ரத்தத்துல பார்க்கற டெஸ்ட் எடுக்கோணும், வாயுத் தொல்லைன்னு ஜெலுசில் குடுத்துட்டு விடியற வரைக்கும் உக்காந்துக்கக் கூடாது. வலது விலாவுக்குக் கீழ வலி, காய்ச்சல், கண்ணு மஞ்சளானா பித்தப்பைக் கல். எடை வேகமா எறங்கும்போது கல் உண்டாகறது அதிகம். 8 மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை, எந்திரிச்சா தலை சுத்துதுன்னா தண்ணி ஏத்த வேண்டி வரும். வயிறு உப்பிக் கல்லாட்டம் ஆகி, காத்துகூடப் பிரியாம வாந்தி வந்தா குடல் அடைப்பான்னு பார்க்கோணும். பார்வை திடீர்னு மங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.

உணவியல்_திருப்பூர்:

டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் சாப்பாடு பத்தி மட்டும் சொல்றேனுங்க.

இன்னைக்கும் நாளைக்கும் நோக்கம் சத்து இல்லை, தண்ணி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒண்ணை முழுசா 1 லிட்டர் தண்ணியில கரைச்சிருங்க. பாதிப் பாக்கெட்டை டம்ளர்ல கலக்கறது தப்பு, உப்புக் கணக்கு மாறிரும். 5 நிமிசத்துக்கு ஒரு தடவை ரெண்டு டேபிள்ஸ்பூன். மடமடன்னு ஒரு டம்ளர் குடிச்சா அசையாத வயிறு விரிஞ்சு அதுவே வாந்தியாத் திரும்பும். கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல வெக்காதீங்க. சர்க்கரைக்காரங்களுக்கு ஓ.ஆர்.எஸ். ஆகாதுன்னு பயப்பட வேண்டாம், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், 200 மி.லி. டம்ளருக்கு 3 கிராம்கூட வராது. டெட்ரா பாக்கெட்ல வர்ற இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. பாக்கெட் இல்லைன்னா 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணி, தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பொள்ளாச்சி எளநி நல்லதுதான், ஆனா டெல்மிசார்டன் சாப்பிடறவங்களுக்குப் பொட்டாசியம் ஏறலாம். சிறுநீரகம் சரியா இருக்குதுன்னு ரத்தம் பார்க்கற வரைக்கும் நாளைக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம்.

சோறுன்னா நம்ம அரிசியும்பருப்பையே குழைய வேக வெச்சுக் கஞ்சிப் பதத்துக்குக் குடுங்க. தாளிப்புக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும், நெய் ஊத்தாதீங்க, தேங்காய் கிள்ளிப் போட வேண்டாம். அளவு ஒரு சின்னக் கரண்டி, நாளைக்கு அஞ்சாறு தடவை. 20 நிமிசம் எடுத்துச் சாப்பிடோணும். தண்ணியைச் சாப்பாட்டோட குடிக்காம அரை மணி நேரம் விட்டுக் குடிக்கோணும். மோர் நல்லா நீர்க்கக் கரைச்சு உப்புப் போட்டது, எண்ணெயில்லாத இட்லி ஒண்ணு, சூடு ஆறின சந்தகை ஒரு கை. சூடான சாப்பாட்டு வாசம் குமட்டலைக் கிளப்பும், ஆறினது எறங்கும். தாளிக்கற நேரம் அம்மாவை அடுப்படிப் பக்கம் விடாதீங்க.

இலையில வெச்சதை மிச்சம் வெக்கக் கூடாதுங்கறது நம்ம பழக்கம். இந்த ஊசி போடறவங்களுக்கு அந்தப் பழக்கம்தான் எதிரி. முதல் முறை "போதும்"னு தோணும்போது நிறுத்தாம, இன்னும் ரெண்டு வாய் போட்டு முடிச்சிரலாம்னு போட்டா அரை மணி நேரத்துல வாந்தி. வயிறு நிறைஞ்சதுன்னு மூளைக்குச் சேதி போகறதுக்குள்ள வயிறு தாங்காத அளவு போயிருக்கும். டிஃபன் தட்டுல கம்மியா வெச்சுக் குடுங்க.

அழுகின முட்டை ஏப்பத்துக்குக் காரணம், சாப்பாடு வயித்துல அதிக நேரம் தங்கி, கந்தகம் இருக்கற வாயு உண்டாகறது. ஒரு வாரத்துக்கு முட்டை, பூண்டு, வெங்காயம், காலிஃபிளவர், பொரிச்சது வேண்டாம். சோடா குடிச்சா ஏப்பம் விட்டு அடங்கும்னு சொல்லுவாங்க. அது உள்ள இருக்கற காத்தோட இன்னும் காத்தைத் தள்ளும். ராத்திரிச் சாப்பாட்டை 7 மணிக்கு முடிச்சு, 3 மணி நேரம் கழிச்சுப் படுக்கோணும்.

கொள்ளு விசயம்: கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மா சொல்லலை, 100 கிராம்ல 22 கிராம் புரதம் இருக்குது. ஆனா இப்ப வேண்டாம். அதுல இருக்கற செரிக்காத சர்க்கரை பெருங்குடல்ல வாயுவா மாறும். வயிறு அடங்கி ரெண்டு வாரம் கழிச்சு, ராத்திரி ஊற வெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேக வெச்சுக் குடுங்க.

இசப்கோல் இப்பக் குடுக்கவே கூடாதுங்க. அது தண்ணியை உறிஞ்சி ஊதற பொருள். தண்ணி பத்தாம, அசைவும் கம்மியா இருக்கற குடல்ல போட்டா கட்டியா நின்னுரும். நாலு நாள் ஆனதுக்குப் பாலிஎத்திலீன் கிளைகால்ங்கற மலமிளக்கிப் பொடி 17 கிராம் ஒரு டம்ளர் தண்ணியில, டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் குடுக்கலாம். லாக்டுலோஸ் சிரப் வேலை செய்யும், ஆனா வாயு கூடும். ஏப்பம் இருக்கறப்போ முதல் தேர்வு அது இல்லை. குமட்டலுக்கு ஒண்டான்செட்ரான் போட்டுட்டு இருந்தா அதையும் சொல்லுங்க, மலத்தைக் கட்டற மாத்திரை அது.

வெள்ளகோவில்_முருகு:

வயித்துல போடாம தொடையில போட்டா குமட்டல் வராதுங்க. இன்னொண்ணு, 5 மி.கி. குப்பியில பாதியை இழுத்துப் போட்டுட்டு மீதியை ஃபிரிட்ஜ்ல வெச்சு அடுத்த வாரம் போட்டுக்கலாம். காசும் மிச்சம், டோஸும் குறையும்.

மருந்தாளுநர்_ஈரோடு:

முருகண்ணா, ரெண்டுமே சரியில்லீங்க. வயிறு, தொடை, மேல்கை எங்க போட்டாலும் ரத்தத்துக்குப் போற மருந்து ஒரே அளவுதான். இடத்தை மாத்தி மாத்திப் போடறது தோல் தடிக்காம இருக்கறதுக்கு. பாதிக் குப்பி யோசனையை யாரும் செய்யாதீங்க. ஒரு டோஸ் குப்பியில கிருமி வளராம தடுக்கற மருந்து கிடையாது, ரப்பர்ல ஊசி குத்தின நிமிசத்துல இருந்து அது பாதுகாப்பில்லை. மீதியைக் கொட்டித்தான் ஆகோணும்.

காங்கயம் தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். முதல் நாலு ஊசி நர்ஸ் போட்டு ஒண்ணும் ஆகலை, வீட்டுல போட்ட முதல் ஊசிக்கே இவ்வளவு. நீங்க போட்ட சிரிஞ்சுல மூடி என்ன நிறம்? எந்தக் கோடு வரைக்கும் இழுத்தீங்க?

காங்கயம்_மகன்:

அண்ணா, சிவப்பு மூடி. 50 யூனிட் இழுக்கோணும்னு ஆஸ்பத்திரியில சொல்லி அனுப்பினாங்க. கடையில குடுத்த சிரிஞ்சுல 40 வரைக்கும்தான் கோடு இருந்துச்சு. ஒரு குப்பி மொத்தத்தையும் இழுத்தும் 20 கோட்டுலயே நின்னுருச்சுங்க. மருந்து கம்மியா வந்திருக்குதுன்னு நெனச்சு ரெண்டாவது குப்பியையும் உடைச்சு 40 வரைக்கும் நிரப்பித்தான் போட்டேன். தப்புங்களா? இப்ப சர்க்கரை 82 காட்டுது.

மருந்தாளுநர்_ஈரோடு:

தப்பு சிரிஞ்சுல ஆரம்பிச்சது தம்பி. அம்மாவுக்குப் போனது 5 இல்லை, 10 மி.கி.

நம்ம ஊர்க் கடையில ரெண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு விக்கறாங்க. சிவப்பு மூடி யூ-40: 1 மி.லி.யை 40 கோடாப் பிரிச்சிருக்கும். ஆரஞ்சு மூடி யூ-100: 1 மி.லி.யை 100 கோடாப் பிரிச்சிருக்கும். குப்பியில இருக்கறது 0.5 மி.லி. அது ஆரஞ்சு மூடியில 50வது கோட்டுல நிக்கும், சிவப்பு மூடியில 20வது கோட்டுல நிக்கும். ரெண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு. 2.5 குப்பியிலயும் 0.5 மி.லி.தான், 5 குப்பியிலயும் 0.5 மி.லி.தான்; மருந்தோட அடர்த்திதான் வேற. யூனிட்ங்கறது இன்சுலினுக்கு உண்டான அளவு. இந்த மருந்தை மி.லி.யிலயும் மி.கி.யிலயும் மட்டுமே பேசோணும். குறிப்புல "50 யூனிட்"னு எழுதி, சிரிஞ்சு நிறத்தை எழுதாம விட்டா இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.

இப்பவே டாக்டருக்கு அடிங்க. "5க்குப் பதிலா 10 மி.கி. போயிருச்சு, ஞாயித்துக்கிழமை காலையில"ன்னு அப்படியே சொல்லுங்க.

மருத்துவர்_பெருந்துறை:

ஈரோட்டுக்காரர் சரியாப் புடிச்சிட்டார். நான் மேல சொன்னதுல ரெண்டு மாத்தம்.

இந்த மருந்து பாதியாகறதுக்குக் கிட்டத்தட்ட 5 நாள் ஆகும். ஞாயித்துக்கிழமை போட்டது, இன்னைக்கு வெள்ளி. அதாவது அந்த 10ல ஏறக்குறைய 5 மி.கி. இன்னும் உடம்புல இருக்குது. நாளன்னைக்கு இன்னொரு 5 போட்டா திரும்பவும் 10க்குப் பக்கத்துல போயிரும். அதனால ஞாயித்துக்கிழமை ஊசி போடாதீங்க, எப்ப, எந்த டோஸ்ல திரும்ப ஆரம்பிக்கறதுன்னு எழுதிக் கொடுத்த டாக்டரே சொல்லட்டும். இதை முறிக்கற மாத்து மருந்து கிடையாது. தண்ணி, சர்க்கரை, உப்புச் சத்து மூணையும் சரியா வெச்சுக் காத்திருக்கறதுதான் வைத்தியம்.

ரெண்டாவது, 82ங்கறது பார்க்க நல்லாருக்கற எண். ஆனா ராத்திரி கிளிமிபிரைடு உள்ள போனா விடிகாலை 2, 3 மணிக்கு அது எங்க நிக்கும்னு சொல்ல முடியாது. டாக்டரைப் புடிக்க முடியலைன்னா அந்த மாத்திரையைக் குடுத்துட்டுப் படுக்க வெக்காதீங்க. பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போயி கேளுங்க. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்குதுன்னு காட்டறது), சோடியம், பொட்டாசியம் ரத்தத்துல பார்த்துருங்க. படுக்கறப்ப ஒரு தடவை, ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவை, விடிஞ்சதும் ஒரு தடவை மீட்டர் போடுங்க. அடுத்த அஞ்சாறு நாளைக்கு இது தொடரோணும்.

கோபி_கவிதா:

இடையில கேக்கறதுக்கு மன்னிக்கோணுங்க. பி.சி.ஓ.டி.க்காக (சினைப்பை நீர்க்கட்டி) இதே ஊசி, கூடவே கர்ப்பத்தடை மாத்திரையும் சாப்பிட்டா ஏதாவது ஆகுங்களா?

மருத்துவர்_பெருந்துறை:

ஆகும் அம்மிணி. டிர்செபடைட் வயித்தை மெதுவாக்கறதால வாய்வழி கர்ப்பத்தடை மாத்திரை உறிஞ்சற அளவு குறையும். ஊசி ஆரம்பிச்ச முதல் 4 வாரமும், ஒவ்வொரு தடவை டோஸ் ஏத்தின பிறகு 4 வாரமும் ஆணுறை மாதிரி வேற தடுப்பும் சேர்த்துக்கோணும். எடை குறைஞ்சா பி.சி.ஓ.டி. இருக்கறவங்களுக்கு கருமுட்டை திரும்ப வெளிய வர ஆரம்பிக்கும், எதிர்பாராம கரு தங்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். குழந்தைக்குத் திட்டமிட்டா டிர்செபடைடை குறைஞ்சது 1 மாசம், இதே மாதிரி வாரம் ஒரு தடவை போடற வீகோவி ஊசியில இருக்கற செமாகுளுடைடை 2 மாசம் முன்னாடியே நிறுத்தோணும். குடும்பத்துல மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் யாருக்காவது இருந்தா ஊசியே வேண்டாம். ஆபரேசன், எண்டோஸ்கோப்பின்னா மயக்க மருந்து டாக்டர்கிட்ட இந்த ஊசியைப் பத்தி நீங்களே வாயைத் திறந்து சொல்லிருங்க. வெறும் வயித்துல வந்தாலும் உள்ள சாப்பாடு தங்கியிருக்கலாம், மயக்கத்துல அது நுரையீரலுக்குப் போயிரலாம்.

காங்கயம்_மகன்:

டாக்டர்கிட்டப் பேசிட்டேனுங்க. கிளிமிபிரைடை நிறுத்தச் சொல்லிட்டார், மெட்ஃபார்மின் மட்டும் சாப்பாடு எறங்கினதுக்கு அப்புறம். டைக்ளோஃபெனாக் இனி கிடையாது. நாளைக்குக் காலையில ரத்தம் பார்க்கறோம். இந்த ஞாயிறு ஊசி இல்லை, அடுத்த வாரம் பார்த்துட்டு 2.5ல இருந்து ஆரம்பிக்கலாம்னார். ஓ.ஆர்.எஸ். அரை லிட்டர் எறங்கியிருக்குது. ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். மீதி குப்பி ரெண்டு ஃபிரிட்ஜ்ல இருக்குது. எங்க பக்கம் கரண்ட் அடிக்கடி போகும், அதைப் பத்தியும், போடற முறையும் சொல்லீருங்கண்ணா.

மருந்தாளுநர்_ஈரோடு:

நல்லதுங்க தம்பி. குப்பியை 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வெக்கோணும். ஒத்தைக் கதவு ஃபிரிட்ஜ்னா ஐஸ் பெட்டிக்குக் கீழ்த் தட்டும் வேண்டாம், கதவும் வேண்டாம். நடுத்தட்டுல, அட்டைப் பெட்டியோட. ஒரு தடவை உறைஞ்சா உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. பார்த்தா வித்தியாசமே தெரியாது, அதனால பின்சுவத்தை ஒட்டி வெக்கறதே வேண்டாம். கரண்ட் போனா கதவைத் திறக்காதீங்க, 4 மணி நேரம் குளிர் தாங்கும். வெளிய 30 டிகிரிக்குள்ள 21 நாள் வரைக்கும் இருக்கலாம். ஆனா சித்திரை, வைகாசியில நம்ம பக்கம் வீட்டுக்குள்ளயே 30 தாண்டும், அந்த 21 நாள் கணக்கை அப்ப நம்பக் கூடாது. தாராபுரம், கரூர்னு வெயில்ல போறப்ப பைக் பெட்டியிலயோ கார் டேஷ்போர்டுலயோ வெக்கவே கூடாது. சின்ன ஐஸ் பையைத் துண்டுல சுத்தி, குப்பி அதுல நேராப் படாம வெச்சுக் கொண்டு போங்க.

போடற முறை. அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வெச்சா எரிச்சல் குறையும். மருந்து தெளிவா, நிறமில்லாமலோ இலேசான மஞ்சளாவோ இருக்கோணும். கலங்கியிருந்தா, துகள் மிதந்தா வேண்டாம். பெட்டியில மி.கி. எண்ணைச் சத்தமாப் படிச்சு இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லுங்க. ஆரஞ்சு மூடி யூ-100 சிரிஞ்சுல 50 கோடு வரைக்கும் காத்தை இழுத்து, ஸ்பிரிட் பஞ்சால துடைச்ச ரப்பர்ல குத்திக் காத்தை உள்ள விடுங்க. குப்பியைத் தலைகீழாத் திருப்பி 50 கோட்டுக்கு, அதாவது 0.5 மி.லி. இழுங்க. குமிழி இருந்தா தட்டி மேல கொண்டு வந்து தள்ளிட்டு, திரும்பக் கோட்டுக்குக் கொண்டு வாங்க. தொப்புள்ல இருந்து மூணு விரக்கடை தள்ளி, போன வாரம் போட்ட இடத்தை விட்டு. அடியில ஒரு சொட்டு மிச்சம் நிக்கும், அது இயல்பு, அதுக்காக அடுத்த குப்பியைத் தொடாதீங்க.

பேனா வடிவத்துல வாங்கறவங்களுக்கு ரெண்டு வரி. மவுன்ஜாரோ பேனாவுல நாலு வார டோஸ் இருக்கும், ஒவ்வொரு தடவையும் புது ஊசிமுனை, ஒவ்வொரு தடவையும் முதல்ல கொஞ்சம் வெளிய விட்டுச் சரி பார்க்கோணும், அழுத்தினதுக்கு அப்புறம் மெதுவா 5 எண்ணோணும். நாலாவது டோஸுக்குப் பிறகு உள்ள மருந்து தெரியும். அதை சிரிஞ்சால உறிஞ்சி அஞ்சாவது டோஸ் ஆக்கறது வேண்டாம். முதல் தடவை பயன்படுத்தின பேனா 30 நாள்தான். வீகோவி மாதிரி வேற பேனாவுக்குக் கணக்கு வேற, அதது பெட்டியில இருக்கற தாளைப் பாருங்க.

போட்ட ஊசியைத் திரும்ப மூடாதீங்க. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு, முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடி ஒட்டி ஆஸ்பத்திரியில குடுங்க. குப்பை வண்டியில போட்டா தூய்மைப் பணியாளர் கையில குத்தும்.

நடந்த இந்தத் தவறை மருந்துப் பாதகங்களைப் பதிவு செய்யற இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024ல சொல்லுங்க, கட்டணமில்லை. சிரிஞ்சு குழப்பம் பதிவானாத்தான் மத்த வீட்டுக்கும் எச்சரிக்கை போகும்.

இப்ப எந்திரிச்சுப் போயி, வீட்டுல இருக்கற சிவப்பு மூடி சிரிஞ்சு அத்தனையும் மருந்துப் பெட்டியில இருந்து எடுத்துருங்க. அந்த ரெண்டு குப்பிப் பெட்டி மேலயும் பேனாவால "5 மி.கி., 0.5 மி.லி., ஒரு குப்பி ஒரு தடவை"ன்னு எழுதி ஒட்டுங்க. அடுத்தது 2.5ன்னு டாக்டர் சொன்னதால, அந்த ரெண்டும் அடுத்த ஊசிக்கு உண்டானது இல்லை. ஃபிரிட்ஜ்ல தனிப் பையில கட்டி வெச்சுருங்க.